ஆற்றுப் பாலத்தின் நடுவில் நின்றால் ஏன் ஆடுகிறது? (பாலம் பற்றிய சந்தேகங்கள் எல்லாம் இங்கே)

நீர்க்காகம்

பதினோரு வருடமாக ஒரே பாலத்தைக் கடந்து வேலைக்குப் போகிறேன். அகலமான ஆறு, பாலம் ஒன்றரைக் கிலோமீட்டர் இருக்கும். போன வாரம் நெரிசலில் வண்டி நடுப்பாலத்தில் நின்றுவிட்டது. இறங்கி நின்றேன். எதிர்ப்பக்கம் ஒரு கனரக லாரி போனபோது காலடியில் தளம் மெல்ல எழும்பி இறங்கியது. ஓடும் வண்டிக்குள் இருக்கும்போது இது தெரிந்ததே இல்லை. அன்றிலிருந்து மனம் அதையே சுற்றிக்கொண்டிருக்கிறது.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பாலம் இப்படி ஆடலாமா? தளத்தில் பல மீட்டருக்கு ஒரு இடைவெளி விட்டு, வண்டி ஏறும்போது டக் டக் என்று அடிக்கிறதே, அது எதற்கு? வண்டிகள் ஓடும்போதுதான் பாரம் அதிகமா, நெரிசலில் அப்படியே நின்றால் அதிகமா? ஒரு பாலத்துக்கு எத்தனை வருட ஆயுள்?

கடைசிக் கேள்வி என் ஒன்பது வயது மகளுடையது. "அப்பா, தண்ணிக்குள்ள சிமென்ட் எப்படிக் காயும்?" எனக்குப் பதில் தெரியவில்லை.

---

இழைக்கம்பி

பாலக் கட்டமைப்பு பற்றிப் பாடம் நடத்துகிறவன். முதல் இரண்டு கேள்விகளை நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஆடலாம். வளையாமல் பாரம் தாங்கும் பொருள் உலகத்தில் இல்லை. மரக்கிளையில் குருவி உட்கார்ந்தாலும் கிளை கொஞ்சம் தாழ்கிறது. பாலத்தின் கர்டரும், அதாவது தளத்தைத் தாங்கும் நீண்ட உத்தரமும், அப்படித்தான். லாரி ஏறினால் சில மில்லிமீட்டர் தாழும், இறங்கினால் பழைய இடத்துக்கு வரும். எவ்வளவு தாழலாம் என்பதற்கு வரம்பு உண்டு. பல நாட்டு விதிகளில், வாகனங்களின் பாரத்தால் வரும் தாழ்வு இரண்டு தூண்களுக்கு இடைப்பட்ட நீளத்தில் 800-இல் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. அந்த நீளத்தைக் கண் என்போம். 40 மீட்டர் கண் என்றால் 50 மில்லிமீட்டர். நடைமுறையில் நடப்பது அதைவிட நிறையக் குறைவு. ஆனால் மனித உடம்பு நுட்பமான கருவி. அசையாமல் நிற்கும்போது மிகச் சிறிய அதிர்வுகூடக் காலில் தெரிந்துவிடும். உங்களுக்கு நடந்தது அதுதான்.

ஆடுவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆட்டம் மாறினால் கவனியுங்கள். பல வருடமாக ஒரே மாதிரி இருந்த இடத்தில் திடீரென ஒரு குழிவு, கைப்பிடிச் சுவரின் நேர்கோட்டில் ஒரு கோணல், ஒரு இணைப்பில் மட்டும் புதிதாக உரத்த சத்தம்: இவற்றில் எதுவாக இருந்தாலும் பாலத்தைப் பராமரிப்பவர்களுக்கு உடனே சொல்ல வேண்டும்.

இடைவெளி, வெயிலுக்காக. எஃகு ஒரு டிகிரி சூடானால் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் 12 பங்கு நீள்கிறது. கேட்க அற்பமாக இருக்கும். குளிர்கால விடியலுக்கும் கோடைகால மதியத்துக்கும் 40 டிகிரி வித்தியாசம் என்று வையுங்கள். 100 மீட்டர் கர்டர் 48 மில்லிமீட்டர் நீண்டுவிடும். கான்கிரீட்டும் ஏறத்தாழ இதே அளவுதான். அந்த நீட்சிக்கு இடம் கொடுக்காவிட்டால் தளம் தூணின் தலையைத் தள்ளும், அல்லது தானே நொறுங்கும். அதனால் கர்டரின் ஒரு முனையை நிலையாகப் பிடித்து, மறுமுனையை நகரவிடுகிறோம். நகர்வதற்காகக் கர்டருக்கும் தூணுக்கும் நடுவில் பேரிங் இருக்கும். பாலத்துக்குக் கீழே நின்று பார்த்தால் கறுப்பு ரப்பர் மெத்தை மாதிரி தெரியும். உள்ளே எஃகுத் தகடுகள் அடுக்கியிருப்பார்கள்.

அந்த இடைவெளியில் மண்ணும் கல்லும் அடைந்துபோவதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அடைத்துக்கொண்டால் இடைவெளி இருந்தும் இல்லாத மாதிரி. இடைவெளியை மூடியிருக்கும் ரப்பர் கிழிந்தால் மழைத்தண்ணீர் நேராகக் கர்டர் முனையிலும் பேரிங்கிலும் விழும். முதல் துரு பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். கூட்டிப் பெருக்குவதும் வடிகால் துளைகளைத் திறந்து வைப்பதும் மிகச் சாதாரண வேலைகள். பாலத்தின் ஆயுளைக் கூட்டுவதில் அவற்றுக்கு உள்ள பங்கை நான் எவ்வளவு சொன்னாலும் போதாது.

---

அடித்தளம்

26 வருடம் ஆற்றுக்குள் தூண் எழுப்பும் வேலையில் இருந்தேன். மகளின் கேள்விதான் எல்லாவற்றிலும் நல்ல கேள்வி. அதற்கு முதலில் பதில் சொல்கிறேன்.

கான்கிரீட் காய்வதில்லை, தங்கமே. துணி காய்வது வேறு, கான்கிரீட் இறுகுவது வேறு. சிமென்ட் தண்ணீரோடு சேர்ந்து வேதி மாற்றம் அடைந்துதான் கல்லாகிறது. தண்ணீர் அதற்கு உணவு. அதனால்தான் வீடு கட்டும்போதுகூடத் தளம் போட்ட பிறகு நாள்கணக்கில் தண்ணீர் ஊற்றுகிறார்கள். ஆகவே தண்ணீருக்கு அடியிலும் அது நன்றாகவே இறுகும். இறுகுவதற்கு முன்னால் ஓட்டம் சிமென்டை அலசிக்கொண்டு போய்விடாமல் பார்த்துக்கொள்வதுதான் கஷ்டம்.

அதற்கு ஒரு நீளக் குழாய் வைத்திருக்கிறோம், டிரெமி குழாய். அதன் அடிமுனை குழியின் அடியைத் தொடும் அளவுக்கு இறங்கும். மேலே புனலில் கான்கிரீட் கொட்டுவோம். கொட்டக் கொட்ட அது அடியிலிருந்து மேலே ஏறி, தண்ணீரைத் தலைக்கு மேல் தள்ளிக்கொண்டே வரும். குழாயின் வாய் எப்போதும் கான்கிரீட்டுக்குள் புதைந்தே இருக்க வேண்டும். ஒரு தடவை வெளியே வந்துவிட்டால் தண்ணீர் கலந்து அந்த இடம் கெட்டுவிடும். பைல் (படுகைக்குள் ஆழமாக இறங்கும் அடித்தளக் கால்) கொட்டத் தொடங்கினால் நடுராத்திரியானாலும் நிறுத்த மாட்டோம், காரணம் இதுதான்.

தூண் எழுப்ப முறைகள் பல. ஆழம் குறைவான இடத்தில் சுற்றிலும் எஃகுத் தகடுகளை அடித்து இறக்கி, நடுவில் உள்ள தண்ணீரை இறைத்துவிட்டு, உலர்ந்த தரையில் வேலை செய்யலாம். மணல் ஆறுகளில் கிணறு இறக்குவார்கள். அடியும் மேலும் திறந்த பெரிய கான்கிரீட் உருளையை ஆற்றுப் படுகையில் நிறுத்தி, அதன் உள்ளிருக்கும் மணலை அள்ளி வெளியே போடுவோம். தன் பாரத்தாலேயே கிணறு அங்குலம் அங்குலமாகக் கீழே போகும். ஒரு பக்கம் கெட்டிக் களிமண்ணும் மறுபக்கம் மணலும் வந்தால் சாய்ந்துகொள்ளும். சாய்ந்த கிணற்றை நிமிர்த்த நான் வாரக்கணக்கில் தூங்காமல் இருந்திருக்கிறேன். நிமிர்ந்து அமரும் நிமிடத்தில் கரையில் நிற்கிற எல்லோரும் கைதட்டுவார்கள்.

பழைய காலத்தில் இதற்கு உயிரையே விலையாகக் கொடுத்தார்கள். மிசிசிப்பி ஆற்றில் 1874-இல் திறந்த ஈட்ஸ் பாலத்துக்கும், நியூயார்க்கில் 1883-இல் திறந்த புரூக்ளின் பாலத்துக்கும் கவிழ்த்த பெட்டி மாதிரி ஒரு அறையை ஆற்றின் அடிக்கு இறக்கி, தண்ணீர் உள்ளே வராதபடி அழுத்தக் காற்றை நிரப்பினார்கள். ஆட்கள் அதற்குள் இறங்கித் தோண்டினார்கள். வேலை முடித்து வேகமாக மேலே வந்தவர்களுக்கு இரத்தத்தில் காற்றுக் குமிழ் உண்டாகி மூட்டுகள் முறுக்கின, சிலருக்குக் கைகால் விழுந்தது, பலர் செத்தார்கள். ஏன் என்று அன்று யாருக்கும் சரியாகத் தெரியாது. புரூக்ளின் பாலத்தின் தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங் அந்த நோயில் படுத்த பிறகு, அவர் மனைவி எமிலி கணக்கும் கட்டுமானமும் கற்றுக்கொண்டு, பத்து வருடத்துக்கு மேல் அவருக்கும் கட்டுமான இடத்துக்கும் நடுவில் நின்று வேலையை முடித்துக்கொடுத்தார். மகளுக்கு இந்தக் கதையையும் சொல்லுங்கள்.

---

நீர்க்காகம்

அடித்தளம் ஐயா, உங்கள் பதிலை அவளிடமே படிக்கக் கொடுத்தேன். "தண்ணி அதுக்குச் சாப்பாடா" என்று கேட்டுவிட்டு, எமிலி பற்றி இரண்டு தடவை படித்தாள்.

---

தூரப்பயணி

லாரி ஓட்டுகிறேன். பாரம் பற்றிய கேள்விக்கு யாரும் இன்னும் பதில் சொல்லவில்லையே. பாலத்தில் நெரிசலில் நிற்கும்போது எனக்கும் வயிற்றில் ஏதோ செய்யும்.

---

இழைக்கம்பி

தூரப்பயணி, ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு கார் ஒன்றரை டன். நெரிசலில் முன்னும் பின்னும் உள்ள இடத்தோடு ஆறரை மீட்டர் நீளம், மூன்றரை மீட்டர் அகலம் எடுத்துக்கொள்கிறது. சதுர மீட்டருக்கு 66 கிலோ வருகிறது. அதே சதுர மீட்டரில் நெருக்கமாக நான்கு பேர் நின்றால் 250 கிலோவைத் தாண்டும். அதாவது கார்கள் நிரம்பிய பாலத்தைவிட மனிதர்கள் நிரம்பிய பாலம் மூன்று நான்கு மடங்கு பாரம். 1987 மே 24 அன்று சான்பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்தில் அதன் ஐம்பதாம் ஆண்டு நிறைவுக்கு லட்சக்கணக்கானோர் ஒரே நேரத்தில் ஏறியபோது, நடுத்தளத்தின் மேல்வளைவே தட்டையானது. அது கடல் நீரிணையின் மேல் உள்ள பாலம், என்றாலும் கணக்கு ஒன்றுதான். பாலம் தாங்கியது.

வண்டிகள் வரிசையாக நிற்பதைக் கணக்கில் எடுத்தே பெரிய பாலங்களை வடிவமைக்கிறார்கள். நீண்ட கண்களுக்கு நெரிசல்தான் மோசமான பாரம் என்று விதியிலேயே உண்டு, ஏனென்றால் ஓடும் வண்டிகளுக்கு நடுவில் இடைவெளி இருக்கும், நின்றால் இருக்காது. ஆகவே நிற்பதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

கவலைப்பட வேண்டியது அளவுக்கு மீறி ஏற்றுவதைப் பற்றி. எஃகுக்குக் களைப்பு உண்டு. ஒரு தடவை ஏறும் பாரம் பாலத்தை உடைக்காது. ஆனால் ஒவ்வொரு தடவையும் பற்றவைப்பின் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஒரு துளி வளர்கிறது. எஃகில் ஏறும் அழுத்தம் இரண்டு மடங்கானால் அந்தச் சேதம் ஏறத்தாழ எட்டு மடங்கு ஆகும். பாலத்தின் தொடக்கத்தில் இருக்கும் எடைப் பலகை அந்தக் களைப்புக் கணக்கிலும் நிற்கிறது. "ஒரு டன்தானே கூடுதல்" என்பதை அது மறப்பதில்லை.

---

தூரப்பயணி

எட்டு மடங்கு என்று இதுவரை யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை, அண்ணா. எடைப் பலகையை அபராதத்துக்கான பலகை என்றுதான் நினைத்திருந்தேன். இதை எங்கள் ஓட்டுநர் குழுவில் போடுகிறேன்.

---

மணல்திட்டு

படை வீரர்கள் கால் சேர்த்து நடந்தால் பாலம் இடிந்துவிடும் என்று பள்ளியில் படித்தோமே, அது உண்மையா? அமெரிக்காவில் காற்றில் நெளிந்து விழுந்த பாலமும் அதே ஒத்ததிர்வுதான் என்று எங்கள் ஆசிரியர் சொன்னார்.

---

இழைக்கம்பி

பாதி உண்மை. 1831-இல் இங்கிலாந்தின் இர்வெல் ஆற்றில் பிரௌட்டன் தொங்குபாலம் அணிவகுத்து வந்த வீரர்களோடு இடிந்தது. தளம் துள்ளுவதை ரசித்து அவர்கள் இன்னும் தாளமாக மிதித்திருக்கிறார்கள். ஒரு போல்ட் உடைந்தது. யாரும் சாகவில்லை. அதன் பிறகு பிரிட்டிஷ் படையில் பாலத்தின் மேல் தாளம் கலைத்து நடக்கும் வழக்கம் வந்தது. லண்டன் ஆல்பர்ட் பாலத்தில் அந்த அறிவிப்புப் பலகை இன்றும் இருக்கிறது. 1850-இல் பிரான்சின் ஆஞ்சே நகரில் நடந்தது கொடுமை, 200-க்கும் மேற்பட்ட வீரர்கள் இறந்தார்கள். அங்கே வீரர்களின் நடையோடு புயல் காற்றும், நங்கூரக் கம்பிகளை உள்ளே தின்றிருந்த துருவும் சேர்ந்துகொண்டன. வெறும் தாளத்தின் மேல் பழிபோட முடியாது.

இதன் புதிய வடிவம் லண்டன் மில்லினியம் நடைபாலம். தேம்ஸ் மேல் 2000 ஜூன் 10 அன்று திறந்து, இரண்டே நாளில் மூடினார்கள். அங்கே யாரும் அணிவகுக்கவில்லை. தளம் பக்கவாட்டில் லேசாக அசைந்ததும், நடந்தவர்கள் தடுமாறாமல் இருக்கத் தங்களை அறியாமல் அதே தாளத்துக்குக் கால் மாற்றினார்கள், அது அசைவை இன்னும் வளர்த்தது. அதிர்வை விழுங்கும் தணிப்பான்கள் பொருத்தி 2002-இல் மீண்டும் திறந்தார்கள். பொறியாளர்கள் அதன் ஆய்வை ஒளிக்காமல் வெளியிட்டது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். பிறகு வந்த நடைபாலங்கள் எல்லாம் அதிலிருந்து கற்றன.

நெளிந்து விழுந்தது டகோமா, 1940 நவம்பர் 7. அங்கே காற்று தாளம் போடவில்லை, மணிக்கு 65 கிலோமீட்டர் வேகத்தில் சீராகத்தான் வீசியது. தளம் மெல்லிய பட்டை மாதிரி இருந்ததால் அது முறுக முறுக, காற்றிலிருந்து தானே சக்தி எடுத்துக்கொண்டு இன்னும் முறுகியது. வெளியிலிருந்து தாளம் வருவது ஒத்ததிர்வு, இது தன்னைத்தானே தூண்டிக்கொள்ளும் அசைவு. இன்று பெரிய தொங்குபாலம் எதையும் காற்றுச் சுரங்கத்தில் மாதிரி வைத்துப் பார்க்காமல் கட்டுவதில்லை.

---

ஆல்விழுது

எனக்குப் பாலம் கடக்கவே பயம். பேருந்தில் கண்ணை மூடிக்கொள்வேன். தண்ணீரைப் பார்த்தால் கை வியர்க்கும். இந்த இழையைப் படித்தபோது ஒன்று தோன்றியது: எனக்குப் பயம் பாலத்தின் மேல் இல்லை, அதை யாரும் பார்த்துக்கொள்வதில்லையோ என்ற எண்ணத்தின் மேல்தான். யாராவது பார்க்கிறார்களா?

---

அடித்தளம்

பார்க்கிறார்கள் அம்மா. கர்டருக்குக் கீழே தொங்கும் கூடையில் நின்று, சுத்தியலால் தட்டித் தட்டிச் சத்தம் கேட்டுக்கொண்டு போகிற ஆட்களை நான் நேரில் அறிவேன். கெட்டியான கான்கிரீட் கணீர் என்கும், உள்ளே பிரிந்திருந்தால் மொத்தென்று சத்தம் வரும். நல்ல காதுள்ள ஒருவர் ஒரு நாளில் கண்டுபிடிப்பதைப் படம் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

இந்த வழக்கமே ஒரு பெரிய துக்கத்திலிருந்து வந்தது. 1967 டிசம்பர் 15 அன்று ஒஹாயோ ஆற்றின் சில்வர் பாலம் மாலை நெரிசலில் விழுந்து 46 பேர் இறந்தார்கள். சங்கிலியின் ஒரு கண்ணியில் வெறும் இரண்டரை மில்லிமீட்டர் ஆழ விரிசல். எதிர்பாராத இடத்தில் இருந்ததால் யார் கண்ணுக்கும் படவில்லை. அந்தக் கண்ணி அறுந்தால் பாரத்தை ஏற்றுக்கொள்ள வேறு வழியும் அந்த வடிவமைப்பில் இல்லை. அதன் பிறகுதான் அமெரிக்காவில் எல்லாப் பாலங்களையும் பொதுவாக இரண்டு வருடத்துக்கு ஒரு முறை சோதிக்கும் சட்டம் வந்தது.

ஆனால் இதுவரை இந்த இழையில் எல்லோரும் தளத்தையே பேசினோம். யாரும் ஆற்றைக் கேட்கவில்லை. அதைத்தான் நான் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தேன்.

தூண் நிற்கும் இடத்தில் ஓட்டத்தைக் கவனியுங்கள். தண்ணீர் தூணில் மோதி வழியில்லாமல் கீழ்நோக்கிப் பாயும், படுகையைக் குத்தித் தோண்டும், பிறகு தூணின் இரண்டு பக்கமும் சுழலாக மண்ணை அள்ளிக்கொண்டு போகும். கடற்கரையில் அலை திரும்பும்போது உங்கள் குதிகாலைச் சுற்றிக் குழி விழுமே, அதே வேலைதான். வெள்ளம் பெரிதானால் தூணின் அகலத்தைப் போல இரண்டு மடங்கு ஆழத்துக்கும் குழி விழலாம். நாலு மீட்டர் தூணுக்கு எட்டு மீட்டர்.

எனக்கு வெறுப்பேற்றுவது அதன் மறைந்து கொள்ளும் குணம். வெள்ளத்தின் உச்சத்தில் குழி மிக ஆழமாக இருக்கும், அப்போது யாரும் இறங்கிப் பார்க்க முடியாது. வெள்ளம் வடியும்போது கலங்கிய தண்ணீர் கொண்டுவந்த மணலே அந்தக் குழியை நிரப்பிவிடும். பத்து நாள் கழித்துச் சோதிக்க வருகிறவர் சமமான படுகையைப் பார்த்து, "எல்லாம் சரி" என்று எழுதிவிட்டுப் போவார். நிரம்பியிருப்பது பொலபொல மணல். பழைய கெட்டிப் படுகை தூணைப் பிடித்த பிடி அதற்கு இல்லை.

1987 ஏப்ரல் 5 அன்று நியூயார்க் மாநிலத்தின் ஸ்கோஹாரி ஓடையில் அப்படித்தான் ஒரு நெடுஞ்சாலைப் பாலத்தின் தூண் வெள்ளத்தில் அடியிழந்தது, 10 பேர் இறந்தார்கள். அடித்தளம் ஆழம் குறைவு. பாதுகாப்புக்குக் கொட்டிய கற்களை வருடக்கணக்கில் ஆறு கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துப் போயிருந்தது. தளத்தில் ஒரு குறையும் இல்லை. 2001 மார்ச் 4 இரவு போர்ச்சுகலின் டோரு ஆற்றில் இன்ட்ஸே ரிபேரோ பாலத்தின் தூண் சரிந்து, ஒரு பேருந்தும் மூன்று கார்களும் வெள்ளத்தில் விழுந்தன. 59 பேர். அங்கே வருடக்கணக்கில் மணல் அள்ளியதால் படுகையே தாழ்ந்துபோயிருந்தது. அமைச்சர் பதவி விலகினார்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. வங்கதேசத்தில் 2022-இல் திறந்த பத்மா பாலத்துக்கு, ஆறு படுகையை 60 மீட்டர் வரை அரிக்கக்கூடும் என்ற கணக்கில் 120 மீட்டருக்கு மேல் பைல் இறக்கினார்கள். 6.15 கிலோமீட்டர் பாலம், கண் ஒன்றுக்கு 150 மீட்டர். மேலே ஓடும் வண்டியில் இருப்பவருக்கு அந்த 120 மீட்டர் தெரியவே தெரியாது. ஆனால் பாலம் நிற்பது அதில்தான்.

---

மணல்திட்டு

மதிப்போடு மறுக்கிறேன். ஆற்றின் மேல் பழிபோடுவது பொறுப்பானவர்களுக்கு வசதியாகிவிடும். அமெரிக்காவின் மினியாபொலிஸ் பாலம் வெள்ளமே இல்லாத நாளில் விழுந்தது. குஜராத் மோர்பியில் 2022-இல் தொங்குபாலம் அறுந்து 130-க்கும் மேற்பட்டோர் இறந்தார்களே, அதற்கும் ஆறா காரணம்?

---

அடித்தளம்

நியாயமான மறுப்பு. மினியாபொலிஸில் 2007 ஆகஸ்ட் 1 அன்று 13 பேர் இறந்ததற்கு வடிவமைப்புப் பிழைதான் வேர். எஃகுச் சட்டங்களைச் சேர்க்கும் இணைப்புத் தகடுகள் இருக்க வேண்டிய பருமனில் பாதிதான் இருந்தன. நாற்பது வருடம் யாரும் அந்தக் கணக்கைத் திரும்பப் போடவில்லை, இடையில் தளத்தைத் தடிமனாக்கிப் பாரம் ஏற்றினார்கள், அன்றைக்குப் பழுதுவேலைக்கான மணலையும் ஜல்லியையும் பாலத்தின் மேலேயே குவித்திருந்தார்கள். மோர்பியில் பழுதுபார்த்துத் திறந்து சில நாளே ஆகியிருந்தது. பழைய கேபிளில் துருவேறி அறுந்த கம்பிகள் அப்படியே விட்டுவைக்கப்பட்டிருந்தன. இரண்டிலும் மனிதப் பிழை, மறுப்பே இல்லை.

ஆனால் அரிப்பில் பிழை இல்லை என்று நான் சொல்லவில்லையே. படுகையை அளக்காமல் விட்டது யார்? பாலத்தின் கீழ்ப்பக்கம் மணல் அள்ள விட்டது யார்? ஆறு தன் வேலையைச் செய்கிறது. நாம் நம் வேலையைச் செய்யவில்லை. அமெரிக்காவில் பாலங்கள் விழுந்த காரணங்களை வரிசைப்படுத்தினால் தண்ணீரும் அரிப்பும்தான் முதலில் வருகின்றன. அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

---

மணல்திட்டு

படுகையை அளக்காமல் விட்டதும் மனிதப் பிழை என்று நீங்கள் வைப்பதானால் எனக்கு வாதமில்லை. ஒத்துக்கொள்கிறேன்.

ஒரு குறை மட்டும். எங்கள் பக்கத்துப் பாலத்தைப் பழுது என்று சொல்லி நான்கு மாதம் மூடினார்கள். மேலே நின்று பார்த்தால் ஒரு ஆள்கூட இல்லை. முப்பது கிலோமீட்டர் சுற்றிப் போனோம். என் அம்மாவை மருத்துவமனைக்குக் கூட்டிப்போகும் ஒவ்வொரு தடவையும் நெஞ்சு எரிந்தது. ஏன் என்று ஒரு வரி எழுதிவைக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

---

இழைக்கம்பி

அந்தக் கோபம் சரியானது. காரணத்தை எழுதிவைப்பது கடமை. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் பேரிங் மாற்றும் வேலையாக இருக்கலாம். தளத்தை முழுதாக ஜாக்கிகள் வைத்துச் சில மில்லிமீட்டர் தூக்கி, பழைய பேரிங்கை உருவிப் புதியதை வைப்பார்கள். ஆட்கள் எல்லாம் தூணின் தலையில், தளத்துக்கு அடியில் இருப்பார்கள். மேலிருந்து யாரும் தெரிய மாட்டார்கள். ஜாக்கியில் நிற்கும் தளத்தின் மேல் லாரியை விட முடியாது.

ஆயுள் பற்றிய கேள்வி விட்டுப்போயிற்று. இன்று பெரிய பாலங்களை 100 முதல் 120 வருடத்துக்கு வடிவமைக்கிறார்கள். ஆனால் பேரிங், இணைப்பு, பூச்சு எல்லாம் அதற்குள் பல தடவை மாற்ற வேண்டியவை. கொல்கத்தாவில் ஹூக்ளி ஆற்றின் மேல் 1943-இல் திறந்த ஹவுரா பாலம் ஆணியும் மரையும் இல்லாமல் ரிவெட்டால் சேர்த்தது. எண்பது வருடம் தாண்டி நிற்கிறது. அதன் தொங்குத் தூண்களின் அடியை அரித்தது எது தெரியுமா? நடந்து போகிறவர்கள் துப்பிய வெற்றிலைச் சாறு. கண்ணாடி இழை உறை போட்டுக் காப்பாற்றினார்கள்.

---

தூரப்பயணி

கப்பல் மோதினால்? அமெரிக்காவின் பால்டிமோரில் நடந்ததைப் பார்த்தோமே.

---

அடித்தளம்

2024 மார்ச் 26. மின்சாரம் போன சரக்குக் கப்பல் தூணில் மோதியது. அவ்வளவு பெரிய கப்பலை அந்தத் தூணால் தாங்க முடியவில்லை. தூணைச் சுற்றித் தனியாகப் பாறைத் திட்டும் மோதுதிண்டும் கட்டி, கப்பல் தூணைத் தொடாமலே நிறுத்த வேண்டும். அங்கே 1977-இல் திறந்த பாலத்துக்கு அது போதிய அளவு இல்லை. கப்பலின் எச்சரிக்கை வந்த சில நிமிடத்தில் போலீஸ் இரண்டு முனையிலும் வண்டிகளை நிறுத்தியதால் பலர் பிழைத்தார்கள். தளத்தின் மேல் குழி அடைத்துக்கொண்டிருந்த தொழிலாளர்கள் ஆறு பேர் இறந்தார்கள். நம் வேலை செய்கிறவர்கள். அவர்களை நினைக்காமல் அந்தப் பாலத்தைப் பற்றிப் பேச என்னால் முடியாது.

---

நீர்க்காகம்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். ஆறு வற்றியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மகளோடு பாலத்துக்குக் கீழே போனேன். பெரும்பாலான தூண்களின் அடி மணலுக்குள்தான் இருக்கிறது. நடு ஓட்டத்தில் இருக்கும் இரண்டு தூண்களில் மட்டும், தூணைவிட அகலமான ஒரு கான்கிரீட் உருளை ஒரு ஆள் உயரத்துக்கு வெளியே தெரிகிறது. மேல்பாதி வெளுத்திருக்கிறது, கீழ்ப்பாதி புதிதாகத் தோண்டி எடுத்தது மாதிரி கறுப்பாக இருக்கிறது. இது பயப்பட வேண்டியதா? பக்கத்தில் போய்ப் பார்க்கலாமா?

---

அடித்தளம்

முதலில் இது: தூணருகே தண்ணீரில் இறங்காதீர்கள், குழந்தையை அழைத்துப் போகவே கூடாது. முழங்கால் ஆழம் மாதிரி தெரியும் இடத்துக்கு ஒரு அடி தள்ளி ஆளை மூடும் குழி இருக்கும். நான் சொன்ன சுழல் தோண்டிய குழிதான் அது. ஆற்றில் குளிக்கப் போகிறவர்கள் அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

நீங்கள் பார்த்தது கிணற்றின் மேல்பகுதி. அது தெரிவதே ஆபத்து என்று சொல்ல முடியாது. சில பாலங்களில் கிணற்றின் தலையைக் கோடைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலேயே வைப்பார்கள். கிணறு 30 மீட்டர் இறங்கியிருந்து இரண்டு மீட்டர் வெளியே தெரிந்தால் அது வேறு, 12 மீட்டர் இறங்கியிருந்தால் அது வேறு. அந்த ஆழம் பாலத்தின் வரைபடத்தில்தான் இருக்கும். நீங்கள் சொன்ன அந்தக் கறுப்பு எல்லைதான் எனக்கு உறுத்துகிறது. அது அண்மையில் மணல் இறங்கியதைக் காட்டலாம். பழைய படம் ஏதாவது இருக்கிறதா?

---

நீர்க்காகம்

இருந்தது. என் தம்பி எட்டு வருடத்துக்கு முன் அதே கரையில் எடுத்த படம். பின்னணியில் அந்த இரண்டு தூண்களும் விழுந்திருக்கின்றன. உருளை தெரியவே இல்லை, தூண் நேராக மணலுக்குள் இறங்குகிறது. இரண்டு படத்தையும் சேர்த்து, தேதி போட்டு, பாலத்தைப் பராமரிக்கும் அலுவலகத்துக்கு நேரில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் வாங்கிவிட்டேன். வாங்கியவர் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு உள்ளே போய் இன்னொருவரை அழைத்து வந்தார். வெள்ளக் காலத்துக்கு முன் படுகையை அளக்கச் சொல்வதாகச் சொன்னார்கள்.

---

ஆல்விழுது

நேற்றுப் பேருந்தில் கண்ணைத் திறந்து வைத்திருந்தேன். முழுப் பாலமும்.

---

அடித்தளம்

நல்லது அம்மா.

நீர்க்காகம், அளந்தார்களா என்று மறுபடி போய்க் கேளுங்கள். நீங்களும் விடாமல் ஒன்று செய்யலாம். வெள்ளத்துக்கு முன் ஒரு படம், வடிந்த பிறகு ஒரு படம். கரையில் ஏதாவது ஒரு கல்லையோ படியையோ அடையாளம் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் அதன் மேலேயே நின்று எடுங்கள். தூணில் எண் எழுதியிருப்பார்கள், அது படத்தில் விழட்டும்.